தேத்தண்ணி ‘போதும்’னு எப்படிச் சொல்றது? நானும் டீச்சரும் போன ஊர்கள்

கொழுந்துமலை (ஹட்டன்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில முப்பத்தொரு வருசம் வேலை செஞ்சவன் நான், கடைசிப் பதினாலு வருசம் டீமேக்கரா, அதாவது தூள் தயாரிக்கிறதுக்குப் பொறுப்பா. ரிட்டயர் ஆன பிறகு நானும் வீட்டுக்காரியும் கொஞ்சம் ஊர் சுத்தினோம். மகள் லீட்ஸ்ல, மகன் டோஹாவுல, வீட்டுக்காரிக்குப் பெரியம்மா வழிச் சொந்தம் கோலாலம்பூர்ல, எங்க பெரியப்பா குடும்பம் நீலகிரியில. ஹோட்டல்ல தங்கினது ரொம்பக் குறைவு, எல்லாம் வீடுகள்தான். வீடுன்னா கால் வைச்சதும் தேத்தண்ணி வரும்.

வீட்டுக்காரி பருத்தித்துறைப் பக்கம். எங்க ஊர் ஸ்கூலுக்கு விஞ்ஞானம் படிச்சுக் குடுக்க வந்தவங்க. நாப்பது வருசத்துக்கு மேலாச்சு, நான் இன்னும் ‘டீச்சர்’னுதான் கூப்பிடுவேன். அவங்க என்னை ‘இஞ்சாருங்கோ’ம்பாங்க.

போன வாரம் மகள் ஃபோன்ல கேட்டா, “அப்பா, இத்தனை ஊர் போனீங்களே, என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?”ன்னு. யோசிச்சுப் பாத்ததுல ஒண்ணுதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. ஒவ்வொரு ஊர்லயும் ‘போதும்’னு சொல்றதுக்கு ஒரு வழி இருக்கு. அது தெரியாட்டி ஒண்ணு தேத்தண்ணி வந்துக்கிட்டே இருக்கும், இல்லாட்டி ஒரு கப்போட நின்னுரும்.

எனக்கு முதல் பாடம் 1982-ல. கல்யாணம் முடிஞ்சு யாழ்தேவி ரயில்ல போய் இறங்கினோம். மாமி மூக்குப்பேணியில தேத்தண்ணி கொண்டாந்தாங்க, சீனி போடாம, பக்கத்துல ஒரு துண்டு பனங்கட்டி. பனங்கட்டியைக் கடிச்சுக்கிட்டு அண்ணாந்து ஊத்திக் குடிக்கணும். பித்தளைப் பேணி, உள்ள எவ்வளவு இருக்குன்னு வெளிய தெரியாது. நான் குடிச்சுக் கீழ வைச்சா மாமி நிரப்பிருவாங்க. எங்க லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல, ஊத்துனதை மிச்சம் வைச்சா ஊத்துனவங்களுக்கு மனசு நோகும், அதனால நான் முழுக்கக் குடிப்பேன். அங்க காலியாக் கீழ வைச்சா இன்னும் வேணும்னு அர்த்தம். மாமிக்கு மருமகனைக் கவனிக்கணும், எனக்கு மாமியை மதிக்கணும். ஆறு பேணி போச்சு. கடைசியில டீச்சர் குசினியில இருந்து வந்து, “இஞ்சாருங்கோ, கையால மூடுங்கோவன்!”னாங்க. பேணி வாயில உள்ளங்கையை வைச்சேன், அப்பவே நின்னுச்சு.

அதுக்கப்புறம் இஸ்தான்புல். லீட்ஸ்ல இருந்து திரும்பி வரும்போது ரெண்டு நாள் தங்கினோம். உலகத்துலயே ஆளுக்கு அதிகமாத் தேத்தண்ணி குடிக்கிறது துருக்கிக்காரங்கதான்னு ஃபெக்டரியில இருந்த காலத்துலயே தெரியும். நம்ம தாழ்நாட்டுத் தேயிலையும் அங்க நிறையப் போகுது. ஆனா நேர்ல பாத்தப்ப எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு கேத்தல். கீழ வெறும் சுடுதண்ணி, மேல கட்டிச் சாயம். இடுப்பு ஒடுங்கின சின்னக் கண்ணாடிக் கிளாஸ்ல மேல இருக்கிற சாயத்தைக் கொஞ்சம் விட்டு, கீழ இருக்கிற தண்ணியை ஊத்திச் சரியாக்குறாங்க. பால் கிடையாது. நல்ல நிறத்துக்கு அவங்க சொல்ற பேரு ‘முயல் ரத்தம்’. கிளாஸை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். ஃபெக்டரியில காலையில வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களை வரிசையா வைச்சு சாயம் பாப்போமே, அதே மாதிரி நின்னு பாத்தேன். கடைக்காரர் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தார். நான் தலையை ஆட்டினதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோசம். பாசை ஒரு சொல்லும் தெரியாது, ஆனா அவர் என்னைத் தொழில்காரன்னு கண்டுக்கிட்டார்.

அப்புறம் கிளாஸ் வந்துக்கிட்டே இருந்துச்சு. உள்ளங்கையால மூடினேன். சுடுதுன்னு நினைச்சு ஆறட்டும்னு விட்டுட்டு, புதுசா இன்னொண்ணு கொண்டாந்தார்! டீச்சருக்கு மட்டும் ரெண்டோட நின்னு போச்சு. பாத்தா, அவங்க கரண்டியைக் கிளாஸ் வாய்க்குக் குறுக்கால வைச்சிருந்தாங்க, ஈ விழாம இருக்கட்டும்னு. அந்த ஊர்ல ‘போதும்’கிறதுக்கு அதான் அடையாளம்.

நீங்க எல்லாரும் எங்கெங்கயோ இருக்கீங்க. உங்க ஊர்ல ‘போதும்’னு எப்படிச் சொல்றாங்க?

பதுளைப்புள்ள எழுதியது:

அங்கிள், இது நான் எழுத வேண்டிய இழை. என் வீட்டுக்காரர் சிங்களம், பண்டாரவளை. நான் பதுளைத் தோட்டம். எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல முப்பது கிலோமீட்டர்தான். ஆனா நாங்க போற தூரம் இஸ்தான்புல்லை விட அதிகம்.

கல்யாணம் பேசி முடிச்ச பிறகு அவர் முதல் தடவை எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தார். எங்கப்பா தானே பரிமாறுவேன்னு சட்டியைத் தூக்கிக்கிட்டார். சோறு, கோழிக் குழம்பு, பருப்பு. அவர் வயிறு நிறைஞ்சு “ஏத்தி, ஏத்தி”ன்னார். சிங்களத்துல ‘ஏத்தி’ன்னா போதும். அப்பாவுக்குச் சிங்களம் வேலைத்தல அளவுதான் வரும், அதுவும் சந்தோசத்துல மறந்து போச்சு. “மாப்பிள்ளை தமிழ்ல பேசுறாரு! ஏத்தச் சொல்றாரு!”ன்னு இன்னும் ரெண்டு அகப்பை ஏத்தினார். அவர் கையைக் காட்டி இன்னும் சத்தமா “ஏத்தி!”ன்னார். அப்பா இன்னொரு அகப்பை ஏத்தினார். நான் அடுப்படியில இருந்து ஓடி வர்றதுக்குள்ள இலையில கோபுரம். அவர் அதை முழுக்கச் சாப்பிட்டார். அன்னைக்கே அம்மா என்கிட்ட வந்து, “இந்தப் பையன் நல்லவன்டி”ன்னாங்க.

இப்ப மகனுக்கு நாலு வயசு. பிறந்த நாளுக்கு எல்லாரும் வந்திருந்தாங்க. அவன் வாசல்ல நின்னு “தாத்தா!”ன்னு ஒரு கூப்பாடு போட்டான். எங்கப்பா எழும்பினார். என் வீட்டுக்காரரும் எழும்பினார், சிங்களத்துல தாத்தான்னா அப்பா. அதே நேரம் பக்கத்து வீட்டு பரீனா அக்காவும் எழும்பினாங்க, அவங்க வீட்டுல தம்பி தங்கச்சிங்க எல்லாம் அவங்களைத் தாத்தான்னுதான் கூப்பிடுவாங்க, அக்காங்கிறதுக்கு. எங்க பையனும் கேட்டுப் பழகிட்டான். மூணு பேரும் நின்னுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாக்குறாங்க. பையன் நேராப் போனது பரீனா அக்காகிட்ட, அவங்க கையில வட்டிலப்பம் இருந்துச்சு.

அக்குறணை நானா எழுதியது:

பதுளைத் தங்கச்சி, சிரிச்சு முடியல்ல. எங்கட வீட்டுலயும் இதே கதைதான், ஆனா தமிழுக்கும் தமிழுக்கும் இடையில. நான் அக்குறணை, வீட்டுக்காரி காத்தான்குடி. எங்க பக்கம் மூத்த ஆம்புள சகோதரன் நானா, அவங்க பக்கம் காக்கா. கல்யாணம் முடிச்ச புதுசுல ஃபோன்ல அழுதுகிட்டு “காக்கா வந்திரிக்கார், சோறு ஆக்கி வெச்சிரிக்கன், நீங்க வரல்ல”ண்டாங்க. பக்கத்துல நிண்ட எங்கட ஹட்டன் கூட்டாளி, “காக்காவுக்குச் சோறு வைக்கிறதுக்கு நீ எதுக்குப் போகணும்?”ண்டு கேட்டான்.

போதும் எண்டு சொல்ற கதைக்கு வாறன். எங்கட கல்யாணங்கள்ல சஹன்லதான் சாப்பாடு. பெரிய தட்டு ஒண்டுல சோறு, சுத்தி ஆறு பேர், ஒரே தட்டுல கை வெச்சுச் சாப்பிடுவோம். முதல்ல போதும் எண்டு எழும்புறதுதான் அங்க கஷ்டம். சின்ன வயசுல வாப்பா சொல்லித் தந்தாங்க: உனக்கு வயிறு நெறஞ்சாலும் கைய எடுக்காத, கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் ஒரு பருக்கைய உருட்டிக்கிட்டு இரி, நீ எழும்பினா பசிக்கிறவனும் வெக்கப்பட்டு எழும்பிருவான்.

ஒரு தரம் தோட்டத்துல இருந்து என்னோட வேலை செய்ற அண்ணன் ஒருத்தர் சம்சாரத்தோட வந்தார். ஆம்புளைகள் ஒரு பக்கம், பொம்புளைகள் ஒரு பக்கம். அண்ணனுக்குத் தனித் தட்டு வைக்கிறதா எண்டு நாங்க யோசிச்சுக்கிட்டு இரிக்கிற நேரம் அவரே வந்து சஹன்ல இருந்துட்டார். “லயத்துல நாங்க அண்ணன் தம்பி நாலு பேர் ஒரே சட்டியில சாப்பிட்டவங்க”ண்டார். அண்டைக்கு அந்த சஹன்ல கடைசி வரைக்கும் பருக்கைய உருட்டினது அவர்தான்.

வடமராட்சியான் எழுதியது:

கொழுந்துமலை அண்ணை, மூக்குப்பேணிக் கதை வாசிச்சுக் கண் கலங்கிப் போனன். எங்கட அம்மம்மாவின்ர பேணி இப்பவும் அலுமாரிக்குள்ள கிடக்கு, புளி போட்டு மினுக்கினால் தங்கம் மாதிரி. ஆனால் ஒண்டு சொல்ல வேணும். நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுறன். அந்தக் காலத்தில எங்கட ஆக்கள் சிலபேர் மலையகத்து ஆக்களின்ர வீட்டில தண்ணி வென்னி குடிக்க மாட்டினம். தோட்டக்காட்டார் எண்டு ஒரு சொல்லும் இருந்தது. அதைக் கேட்டு வளந்தவன் நான், இப்ப வெக்கமாய் இருக்கு. உங்கட மாமி ஆறு பேணி ஊத்தினவ எண்டு வாசிக்கேக்க, அந்த மனிசிக்கு ஒரு கும்பிடு போட வேணும் போல இருந்தது.

கொழுந்துமலை எழுதியது:

தம்பி, நீங்க அதைத் தொட்டதுக்கு நன்றி. டீச்சர் பக்கத்துல இருந்து வாசிச்சாங்க. இதுக்குத் தானே பதில் எழுதணும்னு சொல்லி ஃபோனை வாங்கிட்டாங்க.

டீச்சர் (கொழுந்துமலையின் ஃபோனிலிருந்து) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தம்பி சொன்னது உண்மை. எங்கட கல்யாணத்துக்கு எங்கட பக்கத்தால வந்தது ஏழு பேர். அம்மா வந்தவ, ஆனால் கல்யாணம் கொழும்பில ஒரு கோயில்ல நடந்தது. ஹட்டனுக்கு அவ வந்தது அடுத்த வருசம், எனக்கு ஏழு மாசமாய் இருக்கேக்க.

இவையின்ர வீடு அப்ப பணிய லயத்தில. ஒரு இஸ்தோப்பு (முன் விறாந்தை), ஒரு காம்பரா (அறை), பின்னால அடுப்படி. என்ர மாமி, அதாவது இவரின்ர அம்மா, அண்டைக்கு வேலைக்குப் போகேல்லை. லயத்திலை இருக்கிற சனம் முழுக்க வாசல்ல நிக்குது. பெரிய ஆரவாரம் ஒண்டும் இல்லை, எல்லாருக்கும் ஒரு கேள்விதான்: யாழ்ப்பாணத்து அம்மா தேத்தண்ணி குடிப்பாவோ, மாட்டாவோ? மாமி கொண்டு வந்த கிளாஸ் நடுங்கினது எனக்குத் தெரிஞ்சது. அம்மா வாங்கினா, குடிச்சா. குடிச்சுப்போட்டு ஒண்டும் பேசேல்லை. பிறகு கிளாசை நீட்டி, “இதென்ன, இப்பிடி ஒரு தேத்தண்ணி எங்கட பக்கத்தில குடிச்சதில்லை, இன்னும் கொஞ்சம் தாங்கோ சம்பந்தி”யெண்டா.

மாமி அழுதுகொண்டு உள்ளுக்குப் போனா. அதுக்குப் பிறகு நடந்ததுதான் பகிடி. பக்கத்துக் காம்பராக்காரர் எல்லாரும் தங்கட வீட்டிலயும் ஒரு வாய் குடிக்கத்தான் வேணும் எண்டு நிண்டுட்டினம். ஒரு தொங்கல்ல இருந்து மற்றத் தொங்கல் வரைக்கும் பன்னிரண்டு காம்பரா. அம்மா ஒருத்தருக்கும் மறுக்கேல்லை. ஒரு வீட்டில குடிச்சு இன்னொரு வீட்டில விட்டால் அது பிழை எண்டு அவவுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை, தானாய் விளங்கினது. இரவிரவாய் நித்திரை இல்லாமல் என்னோட கதைச்சுக்கொண்டு கிடந்தா. நான் பிறந்த கதையெல்லாம் அண்டைக்குத்தான் கேட்டன்.

இவர் இஸ்தான்புல் கதையில ஒரு பிழை விட்டிட்டார். ஈ விழாமல் இருக்க நான் கரண்டி வைக்கேல்லை. பக்கத்து மேசையில ஒரு கிழவர் அப்பிடி வைச்சதையும், அவருக்குப் பிறகு தேத்தண்ணி வராததையும் பாத்துத்தான் வைச்சனான். இவருக்குச் சொல்லேல்லை, ஏனெண்டால் இவர் அந்தக் கிளாசை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்துக்கொண்டு இருந்த சந்தோசத்தைக் குழப்ப மனமில்லை.

மலேசியக் கதையும் நானே சொல்லுறன். கோலாலம்பூர்ல ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. காலமை எட்டு மணி. தோசை வந்தது. பொடியன் இவரிட்ட வந்து, “தண்ணி என்னா வேணும் அண்ணே?”யெண்டு கேட்டான். இவர் கோயிலுக்குப் போறதுக்கு விபூதி பூசிக்கொண்டு இருக்கிறார். முகம் மாறிப்போச்சு. “தம்பி, நான் தண்ணி போடுறதில்ல, அதுவும் காலங்காத்தால!”யெண்டார். பொடியனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. “சும்மா ஒரு தண்ணி போடுங்கண்ணே, தொண்டை காயும்”எண்டான்.

கிள்ளான் தம்பி எழுதியது:

ஆன்ட்டி, நான் கிள்ளான். எங்க ஊர்ல குடிக்கிறது எல்லாமே தண்ணிதான். தே தண்ணி, கோப்பித் தண்ணி, மைலோ தண்ணி. கடைக்காரங்க எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. மத்தத் தண்ணிக்கு வேற பேரு இருக்கு. அடுத்த தடவை அங்கிள் வரும்போது இதை மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க: ‘தே’ன்னு மட்டும் கேட்டா டின்பால் ஊத்தி இனிப்பா வரும். ‘தே ஓ’ன்னா பால் இல்லாம, சீனியோட. ‘தே ஓ கோசோங்’னா பாலும் இல்ல, சீனியும் இல்ல. கோசோங்னா மலாய்ல காலி. டீமேக்கருக்குச் சாயத்தோட உண்மையான ருசி வேணும்னா கோசோங் கேக்கணும்.

காலையில பாத்தா “பசியாறிட்டீங்களா?”ன்னு கேப்போம். அதுக்கு ஆமான்னு சொல்லிருங்க, இல்லன்னு சொன்னா கூட்டிக்கிட்டுப் போயிருவோம்.

மாத்தளை வாசகன் எழுதியது:

எல்லாரும் சிரிக்கிறீங்க, நல்லது. ஆனா எனக்கு இந்த இழை கொஞ்சம் உறுத்துது. 1,000 ரூபா நாள் சம்பளத்துக்கு வருசக்கணக்கா ரோட்டுல நின்னு, 2021-லதான் கிடைச்சுது. இன்னும் லயத்துலதான் பாதிச் சனம் இருக்கு. கொழுந்து எடுக்கிற அம்மா அட்டைக் கடியோட மலையில நிக்கிறா, நாம இஸ்தான்புல் கிளாஸ் அழகைப் பேசுறோம். வெளிநாட்டுல போய்த் தேத்தண்ணி குடிக்கும்போது அந்த அம்மாவை யாராவது நினைக்கிறோமா?

கொழுந்துமலை எழுதியது:

தம்பி, கேக்க வேண்டிய கேள்விதான். கோவப்படல. எங்கம்மா இருபத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்தாங்க. இடுப்புல படங்கு கட்டி, தலையில கயிறு போட்டுக் கூடை தொங்க, விடியப் பிரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேர் குடுக்கிற இடத்துக்கு, போனவங்க. நல்ல தேயிலை எல்லாம் பெட்டியில ஏறிக் கொழும்புக்குப் போகும். எங்க வீட்டுல குடிச்சது மிச்சத் தூள். அதுல அம்மா வைச்ச தேத்தண்ணியைத்தான் டீச்சரோட அம்மா அப்படிச் சொன்னாங்க. அதனாலதான் நான் எந்த ஊருக்குப் போனாலும் இதைப் பேசாம வர்றதில்ல. லீட்ஸ்ல நடந்ததைச் சொல்றேன்.

மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா, எழுபது வயசு இருக்கும், எங்களை அஞ்சரை மணிக்கு “டீக்கு வாங்க”ன்னு கூப்பிட்டாங்க. நம்ம ஊர்ல அந்த நேரத்துக்கு டீன்னா டீயும் ரெண்டு பிஸ்கட்டும். டீச்சர் அஞ்சு மணிக்கே இடியப்பமும் சொதியும் ஆக்கிட்டாங்க, வந்து லேட்டாச் சாப்பிட வேணாம்னு. நல்லாச் சாப்பிட்டுப் போனோம். கையில நுவரெலியா பிஓபி தேயிலைத் தூள் அரைக் கிலோ. போய்ப் பாத்தா மேசை நிறையச் சாப்பாடு. இறைச்சி வைச்சுச் சுட்ட பை, உருளைக்கிழங்கு மசியல், பட்டாணி, கேக். இங்கிலாந்தோட வடக்குப் பக்கம் சாயங்காலச் சாப்பாட்டுக்கே டீன்னுதான் பேராம். அந்த அம்மா காலையில இருந்து சமைச்சிருக்காங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது? ரெண்டு பேரும் ரெண்டாவது தடவை முழுசாச் சாப்பிட்டோம்.

அப்புறம் கேக். டீச்சருக்கு அந்தக் கேக் ரொம்பப் புடிச்சுப் போச்சு. அந்த அம்மா, “இன்னும் ஒரு துண்டு?”ன்னாங்க. டீச்சர் நம்ம வழக்கப்படி, “ஐயோ வேணாம், வேணாம்”னாங்க. நம்ம பக்கம் முதல் ‘வேணாம்’ ஒரு மரியாதை. ரெண்டாவது தடவை கேப்பாங்க, மூணாவது தடவை கேப்பாங்க, அப்பத்தான் தட்டை நீட்டுவோம். அங்க ஒருத்தர் வேணாம்னா, அதைத் திருப்பிக் கேக்குறதுதான் மரியாதைக் குறைவு. அந்த அம்மா “ரைட்”னு சொல்லிட்டுக் கேக்கை மூடி உள்ள கொண்டு போயிட்டாங்க. டீச்சர் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

கடைசியிலதான் தேத்தண்ணி வந்துச்சு. நான் கொண்டு போன தூளைப் போட்டாங்க. குடிச்சிட்டு, இது எப்படி ஆகுதுன்னு கேட்டாங்க. அப்ப நான் கணக்குச் சொன்னேன். ரெண்டு இலையும் ஒரு மொட்டும்தான் கிள்ளணும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, நிறம் மாற விட்டு, சூட்டுல காய வைச்சாத்தான் ஒரு கிலோ தூள். ஒரு அம்மா ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தா நாலு கிலோ தூள் வரும். கப்புக்கு ரெண்டு கிராம்னு வைச்சா ரெண்டாயிரம் கப். ஒரு அம்மாவோட ஒரு நாள் கையில இருந்து ரெண்டாயிரம் பேர் குடிக்கிறாங்க. பக்கத்து வீட்டு அம்மா கப்பைக் கீழ வைச்சிட்டு, அந்த ரெண்டாயிரம் கப்புக்கு எங்கம்மாவுக்கு எவ்வளவு கிடைச்சுதுன்னு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல.

மறுநாள் காலையில வாசல்ல ஒரு டப்பா. உள்ள மிச்சக் கேக் முழுசும் இருந்துச்சு. மகள்தான் பேசும்போது நம்ம ‘வேணாம்’ எப்படின்னு விளக்கிச் சொன்னாளாம்.

மாத்தளை வாசகன் எழுதியது:

ரெண்டாயிரம் கப் கணக்கை நான் எழுதி வைச்சுக்கிட்டேன் அண்ணே. வகுப்புல பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

அக்குறணை நானா எழுதியது:

டோஹாவுக்குப் பெய்த்து வந்த கதைய இன்னும் சொல்லல்லயே?

கொழுந்துமலை எழுதியது:

அது சின்னக் கதை நானா. மகனோட வேலை செய்ற ஒரு கத்தார்க்காரர் வீட்டுக்குப் போனோம். ஆம்பளைகளுக்குத் தனி மஜ்லிஸ். அங்க தேத்தண்ணிக்கு முன்னால கஹ்வா, ஏலக்காய் போட்ட கோப்பி. கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்துல அடியில கொஞ்சமா ஊத்தினாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நம்ம பக்கம் அரை டம்ளர் ஊத்திக் குடுத்தா, வந்தவரை மதிக்கலன்னு அர்த்தம். ஆனா அங்க நிறைய ஊத்தினாத்தான், “குடிச்சிட்டுக் கிளம்பு”ன்னு சொல்றதாம். கொஞ்சமா ஊத்துறது இன்னும் இரு, இன்னும் தரணும்ங்கிறதுக்கு. ஊத்துற பையன் பக்கத்துலயே நிக்கிறான். ஏழு கிண்ணம் போச்சு. அப்புறம் பக்கத்துல இருந்த பெரியவர் தன் கிண்ணத்தை விரல்ல புடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டிக் காட்டினார். நானும் ஆட்டினேன், நின்னுச்சு. வெளிய வந்தா டீச்சர் மூணு கிண்ணத்தோட வந்திருக்காங்க. உள்ள பொம்பளைங்க மொதல் கிண்ணத்துலயே சொல்லிக் குடுத்துட்டாங்களாம்.

கூடலூர் சிலோன்காரி எழுதியது:

வணக்கம் அண்ணா. ரொம்ப நாளா இங்க வாசிக்கிறேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். நீங்க நீலகிரியில பெரியப்பா குடும்பம்னு சொன்னதும் கை சும்மா இருக்கல. நாங்க கூடலூர். அம்மாவும் அப்பாவும் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம். தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்புற 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல பேர் வந்து, 1974-ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல இருந்து இங்க டேன்டீ, அதாவது தமிழ்நாடு அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினாங்க. அப்ப நான் அம்மா வயித்துல.

இங்க எங்களுக்குப் பேரே சிலோன்காரங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னா, கடையில போய் ‘டீ’ன்னு கேக்க மாட்டோம், ‘தேத்தண்ணி’ன்னுதான் வாயில வரும். என் வீட்டுக்காரர் கோயம்புத்தூர். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அம்மா, “தம்பி, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?”ன்னு கேட்டதும் அவரு, “தண்ணி மட்டும் போதுங்க”ன்னாரு. அம்மா தேத்தண்ணி வேணாம்னு சொல்றாருன்னு கேட்டுக்கிட்டாங்க. உள்ள வந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டு, “மாப்பிள்ளைக்கு நம்ம வீடு புடிக்கலடி”ன்னாங்க. நான் வெளிய போய், “தேத்தண்ணின்னா டீங்க”ன்னு சொன்னேன். பொண்ணு பாக்க வந்த இடத்துல நான் அவர்கிட்டப் பேசின முதல் வார்த்தை அதுதான். அவர் மூணு டம்ளர் குடிச்சாரு.

அம்மாவுக்கு இப்ப எண்பத்தி நாலு. ஒரு தடவை அந்தத் தோட்டத்தைப் பாக்கணும்னு அஞ்சாறு வருசமாக் கேக்குறாங்க. வர்ற தை மாசம் திருச்சியில இருந்து கொழும்புக்கு வரலாம்னு இருக்கோம், நானும் அவரும் அம்மாவும். உங்களை வந்து பாக்கலாமா? உங்க இழையை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். லயத்துக்கதையைக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கச் சொன்னாங்க. மேட்டு லயத்துக்குப் பின்னால ஒரு பீலி இருந்துச்சாம். வேலை விட்டு வந்து அதுலதான் கால் கழுவுவாங்களாம். அதுல இன்னும் தண்ணி வருதான்னு கேக்கச் சொன்னாங்க.

கொழுந்துமலை எழுதியது:

தங்கச்சி, தோட்டத்துப் பேரும் டிவிசனும் தனி மடல்ல அனுப்புங்க. நானும் டீச்சரும் நேர்ல போய்ப் பாத்துட்டுச் சொல்றோம்.

கொழுந்துமலை எழுதியது (ஒன்பது நாள் கழித்து):

தங்கச்சி, ஞாயித்துக்கிழமை போயிருந்தோம். மேட்டு லயம் அப்படியே இருக்கு, தகரம் மட்டும் மாத்தியிருக்காங்க. பின்னால போற படி பாசி புடிச்சுக் கிடந்துச்சு, டீச்சர் என் தோளைப் புடிச்சுக்கிட்டு இறங்கினாங்க. பீலி இருக்கு. முன்ன மூங்கிலா இருந்திருக்கும், இப்ப பிளாஸ்டிக் குழாய் சொருகியிருக்கு. தண்ணி நல்லா வருது, ஐஸ் மாதிரி. கல்லு ஒண்ணு நடுவுல குழிஞ்சு போயிருக்கு, எல்லாரும் அதுமேல நின்னு நின்னு. அம்மா அந்தக் கல்லைக் கேட்டாங்கன்னா, அதுவும் இருக்குன்னு சொல்லுங்க.

அங்க முதல் காம்பராவுல இருக்கிற அக்கா எங்களை விடல. பேசிக்கிட்டே அந்தப் பீலித் தண்ணியிலதான் தேத்தண்ணி வைச்சாங்க. தை மாசம் நீங்க வந்தா அவங்க வீட்டுலதான் முதல்ல குடிக்கணுமாம், அப்புறம்தான் எங்க வீடு. அம்மாவுக்குச் சீனி எத்தனை கரண்டின்னு கேட்டு வைக்கச் சொன்னாங்க.

கூடலூர் சிலோன்காரி எழுதியது:

அண்ணா, ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டினேன். கல்லு இருக்குன்னதும் கையைக் கூப்பினாங்க.

சீனி ரெண்டரைக் கரண்டி. டாக்டர்கிட்ட சொல்ல வேணாம்கிறாங்க.